ஒளியை மருந்தாக்கிய நீல்ஸ் ஃபின்சன்

(1860 – 1904)

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே ஃபாரோ தீவுகள் அமைந்துள்ளன. அவை பதினெட்டுத் தீவுகள் கொண்ட ஒரு கூட்டம். அங்கு மரங்கள் அரிது. பாறைகளும் புல்வெளிகளும் செம்மறியாடுகளும் மிகுதி. நடுக்குளிர்காலத்தில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ ஐந்து மணி நேரமே நீடிக்கும். அந்தச் சிறு பகலிலும் கதிரவன் பெரும்பாலும் முகில்களின் பின்னே மறைந்திருக்கும். கோடையிலோ நள்ளிரவிலும் முழு இருள் சூழ்வதில்லை. கதிரவனின் வரவையும் செலவையும் மக்கள் உற்று நோக்கி வாழும் அத்தகைய நிலத்தில் பிறந்த ஒருவரே, பிற்காலத்தில் ஒளியை மருந்தாகப் பயன்படுத்தும் முறையை வகுத்தளித்தார். அவர் பெயர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன்.

இளமையும் கல்வியும்

ஃபின்சன் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் ஃபாரோ தீவுகளின் தலைநகரான டோர்ஷவ்னில் பிறந்தார். அத்தீவுகள் டென்மார்க் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டவை. அவருடைய தந்தையார் அங்கு உயர்ந்த அரசுப் பொறுப்பில் இருந்தார். ஐஸ்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஃபின்சனுக்கு நான்கு வயதானபோது அன்னையார் மறைந்தார். பின்னர்த் தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் பெருகியது, வீட்டில் உடன்பிறந்தார் பலருடன் ஃபின்சன் வளர்ந்தார்.

தொடக்கக் கல்வியைப் பிறந்த ஊரிலேயே பெற்ற அவர், பின்னர் டென்மார்க்கில் உள்ள ஹெர்லுஃப்ஸ்ஹோம் என்னும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கடல் கடந்த புதிய இடம் அது. அங்கு அவருடைய படிப்பு சிறக்கவில்லை. நல்லுள்ளம் படைத்த சிறுவன் எனினும், திறமையும் ஊக்கமும் குறைந்தவன் என்றே பள்ளித் தலைவர் அவரை மதிப்பிட்டார். மதிப்பெண்கள் மேலும் குறைந்தன. எனவே 1876-ஆம் ஆண்டு, தந்தையார் பயின்ற ஐஸ்லாந்துப் பள்ளிக்கு அவர் மாற்றப்பட்டார். அது ரெய்க்யவிக் நகரில் இருந்தது.

இவ்வாறு இளமையிலேயே மூன்று நிலங்களையும் மூன்று மொழிகளையும் அவர் கண்டார். டோர்ஷவ்ன் தெருக்களில் ஃபாரோ மொழி ஒலித்தது. விடுதிப் பள்ளியில் டேனிஷ் மொழி வழங்கியது. ரெய்க்யவிக்கில் ஐஸ்லாந்து மொழி சூழ்ந்திருந்தது. ஓரிடத்தில் வேரூன்றுவதற்குள் மற்றோர் இடத்திற்குப் பெயர்க்கப்பட்ட நாற்றைப் போன்றது அவருடைய பள்ளிப் பருவம். 1882-ஆம் ஆண்டு அவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று. வகுப்பில் இருந்த பதினைந்து மாணவருள் அவர் பெற்ற இடம் பதினொன்றாவது. இந்த மாணவர் உலகம் போற்றும் அறிஞர் ஆவார் என்று அன்று கணித்தவர் யாரும் இருந்திருக்க இயலாது.

நோயும் ஒரு பூனையும்

அதே ஆண்டு ஃபின்சன் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்று மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். கல்வி தொடங்கிய சிறிது காலத்திற்குள்ளேயே அவரை ஒரு கொடிய நோய் பற்றியது. கல்லீரல், இதயம் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்துள்ள மென்படலங்கள் மெல்ல மெல்லத் தடித்து இறுகின. அதனால் அவ்வுறுப்புகளின் இயக்கம் தளர்ந்தது. வயிற்றில் நீர் கோத்தது. களைப்பும் இரத்தச் சோகையும் அவரை வாட்டின. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் இல்லை.

அவர் குடியிருந்த வீடு வடக்கு நோக்கியது. வடகோளத்தின் உயர்ந்த பகுதியில் வடக்கு நோக்கிய அறைக்குள் வெயில் நுழைவது அரிது. வெயில் படும் நாள்களில் தம் உடல் சற்றுத் தெளிவதை ஃபின்சன் உணர்ந்தார். இது மனத்தின் மயக்கமா, உடலில் நிகழும் உண்மையான மாற்றமா என்னும் ஐயம் அவருள் எழுந்தது.

ஒருநாள் அவர் சன்னல் வழியே ஒரு பூனையைக் கண்டார். அது வெயிலில் படுத்திருந்தது. நேரம் செல்லச் செல்ல நிழல் நகர்ந்து பூனையைத் தொட்டது. உடனே அது எழுந்து வெயில் உள்ள இடத்திற்கு நகர்ந்து படுத்தது. மீண்டும் நிழல் நெருங்க, மீண்டும் பூனை நகர்ந்தது. பூனைகள் வெயில் காய்வதை உலகில் காணாதவர் இல்லை. ஆயினும் அக்காட்சி ஃபின்சனின் சிந்தனையைத் தூண்டியது. உயிரினங்கள் தாமே நாடும் பொருளில் அவற்றிற்கு நன்மை ஏதேனும் இருத்தல் வேண்டும். அந்நன்மை வெயிலின் வெப்பத்தில் உள்ளதா, ஒளியில் உள்ளதா என்பதை ஆய்ந்து அறிதல் வேண்டும் என அவர் எண்ணினார்.

கையில் வரைந்த கருங்கோடு

1890-ஆம் ஆண்டு ஃபின்சன் மருத்துவப் பட்டம் பெற்றார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறையில் பயிற்றுநர் பணி அவருக்குக் கிடைத்தது. 1892-இல் இங்கெபோர்க் என்னும் அம்மையாரை மணந்தார். மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பின், ஒளி ஆராய்ச்சிக்கே தம் நேரத்தை அளிக்க விரும்பிப் பல்கலைக்கழகப் பணியைத் துறந்தார். நோயுற்ற உடலும் புதுக் குடும்பமும் உடைய ஒருவர் நிலையான ஊதியத்தை விடுத்தது துணிவான செயலே ஆகும். மருத்துவ மாணவர்க்குத் தனியே பாடம் கற்பித்து அவர் பொருள் ஈட்டினார்.

அவருடைய தொடக்க ஆய்வுகள் மிக எளியவை. தம் முன்கையில் மையால் அகன்ற கருங்கோடு ஒன்றை வரைந்தார். பின்னர் அக்கையைக் கடும் வெயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் காட்டினார். கோட்டைச் சுற்றியிருந்த தோல் சிவந்து கன்றியது. மையை அழித்துப் பார்த்தபோது, அதன் கீழிருந்த தோல் மாற்றமின்றி வெண்மையாகவே இருந்தது. சில நாள்கள் கழித்து, மை பூசாமல் அதே கையை மீண்டும் வெயிலில் காட்டினார். இம்முறை முன்பு வெண்மையாக இருந்த பட்டையே சிவந்து கன்றியது. முன்பு கன்றிப் பழுப்பேறிய பகுதி பெரிதும் துன்புறவில்லை. தோலில் உண்டாகும் கருநிறமே கதிர்களைத் தடுத்துக் காக்கும் குடை என்பதை இதனால் அவர் அறிந்தார்.

மற்றோர் ஆய்வில் மண்புழுக்களைப் பெட்டியில் இட்டு, மேலே வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைப் பொருத்தினார். நீலக் கண்ணாடியின் கீழ் இருந்த புழுக்கள் அமைதியின்றி நெளிந்து, சிவப்புக் கண்ணாடியின் கீழ்ச் சென்று அடங்கின. ஒளியின் நிறத்திற்கு ஏற்ப உயிர்களின் மேல் அதன் தாக்கம் வேறுபடுகிறது என்பது தெளிவாயிற்று.

வெள்ளொளி என்பது பல நிறங்களின் கலவை. வானவில்லில் நாம் காண்பவை அந்நிறங்களே. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்கள் உள்ளன. ஊதாவுக்கு அப்பால் புற ஊதாக் கதிர்கள் உள்ளன. நீலம், ஊதா, புற ஊதா ஆகிய கதிர்களே தோலில் வேதி மாற்றங்களை விளைவிக்கின்றன என்று ஃபின்சன் கண்டார். வெயிலில் தோல் கன்றுவதற்கு வெப்பம் காரணமன்று, இக்கதிர்களே காரணம்.

இவ்வறிவைக் கொண்டு, 1893-இல் பெரியம்மை நோய்க்கு ஒரு வழியை அவர் முன்மொழிந்தார். நோயாளியைச் செந்நிறத் திரைகள் தொங்கும் அறையில் வைத்து, நீல ஊதாக் கதிர்கள் படாமல் காத்தால் வடுக்கள் குறையும் என்பது அவர் கருத்து. நார்வே நாட்டின் பெர்கன் நகர மருத்துவர்கள் அதனைச் செயற்படுத்திப் பார்த்தனர். அம்முறை பிற்காலத்தில் நிலைபெறவில்லை. தடுப்பூசியே பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது. எனினும், ஒளி தீங்கு செய்ய வல்லது எனில் அதே ஒளி நோயை அழிக்கவும் வல்லதாகலாம் என்னும் அடுத்த எண்ணத்திற்கு இம்முயற்சி படியாக அமைந்தது.

முகம் மறைத்து வாழ்ந்தோர்

அக்காலத்தில் ஐரோப்பாவில் தோல் காசநோய் என்னும் கொடுநோய் பரவியிருந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டுமன்றித் தோலையும் தாக்குவதுண்டு. பெரும்பாலும் அது முகத்தையே தாக்கியது. மூக்கும் கன்னமும் உதடும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கப்பட்டன. இந்நோய்க்கு இலத்தீன் மொழியில் ஓநாய் என்று பொருள்படும் லூபஸ் என்னும் பெயர் வழங்கியது. நோயுற்றோர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நடமாடினர். வேலை கிடைப்பது அரிது; மக்கள் அவர்களை அணுக அஞ்சினர். சுடுகோலால் தீய்ப்பதும், கூரிய கருவியால் சுரண்டுவதும், எரிக்கும் மருந்து பூசுவதுமே அன்றிருந்த மருத்துவம். வலி மிகுந்த அம்மருத்துவத்திற்குப் பின்னும் நோய் மீண்டும் மீண்டும் தோன்றியது.

ஒளி கிருமிகளைக் கொல்லும் என்பதை 1877-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு அறிஞர் இருவர் கண்டறிந்திருந்தனர். காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் வெளிப்படுத்தினார். இவ்விரு செய்திகளையும் ஃபின்சன் இணைத்து எண்ணினார். தோலில் உறையும் காசநோய்க் கிருமியைச் செறிந்த ஒளியால் அழிக்க இயலும் என நம்பினார்.

ஆனால் அதற்குத் தடைகள் இருந்தன. ஒளியைக் குவித்தால் வெப்பமும் குவியும்; தோல் வெந்துவிடும். எனவே ஒளி செல்லும் வழியில் நீர் நிரம்பிய கலத்தை அமைத்து வெப்பக் கதிர்களை அதில் அடக்கினார். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும். எனவே படிகக்கல்லால் ஆன வில்லைகளைப் பயன்படுத்தினார். மூன்றாவது தடை குருதி. ஒரு மனிதரின் காதின் பின்புறம் ஒளிபட்டால் கருக்கும் தாளை வைத்து, முன்புறத்திலிருந்து நீல ஊதா ஒளியைச் செலுத்தினார். சில நிமிடங்கள் ஆகியும் தாள் கருக்கவில்லை. பிறகு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே காதை அழுத்திக் குருதியை விலக்கினார். அப்போது சில நொடிகளிலேயே தாள் கருத்தது. குருதி ஒளியைத் தடுக்கிறது என்பதும், தோலை அழுத்திக் குருதியை விலக்கினால் ஒளி ஆழத்திற்குச் செல்லும் என்பதும் இதனால் புலனாயின.

முதலில் கதிரவன் ஒளியையே அவர் பயன்படுத்தினார். ஆனால் கோபன்ஹேகனின் குளிர்காலத்தில் கதிரவனை நம்பியிருக்க முடியாது. எனவே மின்சாரத்தால் எரியும் கரி வில்விளக்கை நாடினார். 1895-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், கோபன்ஹேகன் மின் நிலையத்திலேயே அவருடைய முதல் மருத்துவம் தொடங்கியது. எட்டு ஆண்டுகளாகத் தோல் காசநோயால் துன்புற்று, பல மருத்துவ முறைகளாலும் குணம் காணாத ஒரு பொறியாளர் அவருடைய நோயாளியாக அமர்ந்தார். நாள்தோறும் நெடுநேரம் ஒளி செலுத்தப்பட்டது. சில திங்களில் அவர் முகத்திலிருந்த புண்கள் ஆறத் தொடங்கின.

ஒளி மருத்துவ நிலையம்

1896-ஆம் ஆண்டு, கொடையாளர் சிலரின் உதவியாலும் நகராட்சியின் துணையாலும் கோபன்ஹேகனில் ஃபின்சன் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. அங்குக் கூரையிலிருந்து தொங்கும் பெரிய வில்விளக்கைச் சுற்றித் தொலைநோக்கி போன்ற நான்கு குழாய்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு நோயாளி படுத்திருப்பார். அருகே ஒரு செவிலியர் அமர்ந்து, குளிர்நீர் ஓடும் சிறு படிகக்கல் தகட்டை நோயாளியின் தோலில் அழுத்திப் பிடித்திருப்பார். ஒருமுறை ஒளி செலுத்த ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஒருமுறைக்குக் குணமாவது சிறு நாணய அளவுள்ள இடமே. முகம் முழுவதும் குணமாகத் திங்கள்கள் பல ஆகும். செவிலியரின் பொறுமையே இம்மருத்துவத்தின் பாதி வலிமை. வெண்ணிற உடையும் கருங்கண்ணாடியும் அணிந்து, நாள் முழுதும் அவர்கள் அப்பணியைச் செய்தனர். ஒளியால் நோயாளிக்கு நன்மை செய்யும்போதே, அதே ஒளியால் தம் கண்களுக்குத் தீங்கு நேராமல் காத்துக்கொண்டனர்.

1901-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ எண்ணூறு நோயாளிகள் அங்கு மருத்துவம் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குணமடைந்தனர் அல்லது நன்கு தேறினர். முகத்தை மூடி வந்தவர்கள் முகத்தைத் திறந்து வீடு திரும்பினர். இச்செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் மணம் புரிந்த அலெக்சாண்ட்ரா அம்மையார், ஃபின்சன் விளக்கு ஒன்றை இலண்டன் மருத்துவமனைக்கு 1900-இல் வழங்கினார்.

தமக்கு உதவாத மருந்து

பிறர் முகங்களில் ஒளியைப் பாய்ச்சிய ஃபின்சனின் உடல் நாளுக்கு நாள் நலிந்தது. அவர் கண்ட ஒளி மருத்துவம் அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. வயிற்றில் கோத்த நீரை மருத்துவர்கள் பலமுறை வடித்து எடுத்தனர். இறுதி ஆண்டுகளில் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே வாழ்ந்தார். ஆயினும் தம் நோயையும் ஓர் ஆய்வுப் பொருளாகவே அவர் கருதினார். உண்ணும் உணவையும் பருகும் நீரையும் நிறுத்தும் அளந்தும் குறித்து வைத்தார். உப்பு உடலில் தேங்குவதற்கும் நீர் கோப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1904-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தமக்கு ஆயுள் நீளாது என்பதை அறிந்திருந்தும், தம் துன்பம் பின்வரும் நோயாளிகளுக்குப் பயன்படட்டும் என எண்ணிய உள்ளம் அது.

1903-ஆம் ஆண்டு, உடலியங்கியல் அல்லது மருத்துவத்திற்கான நோபல் பரிசு ஃபின்சனுக்கு வழங்கப்பட்டது. டென்மார்க் நாட்டினர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அதுவே. ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற விழாவிற்குச் செல்ல அவர் உடல் இடந்தரவில்லை. பரிசுப் பணத்தின் பெரும்பகுதியைத் தாம் தோற்றுவித்த மருத்துவ நிலையங்களுக்கு அவர் வழங்கினார். 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கோபன்ஹேகனில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவர் நினைவாக அந்நகரில் ஒரு சிலை எழுப்பப்பட்டுள்ளது. அது ஃபின்சனின் உருவமன்று. ஒளியை நோக்கிக் கைகளை உயர்த்தும் மனிதர்களின் உருவம்.

பின்னாளில் காசநோய்க்கு உரிய மருந்துகள் கண்டறியப்பட்டன. தோல் காசநோய்க்கு ஒளி மருத்துவம் தேவையற்றதாயிற்று. ஃபின்சன் பயன்படுத்திய வில்லைகளைப் பிற்கால அறிஞர் மீண்டும் ஆராய்ந்தனர். அவர் கருதிய அளவுக்குப் புற ஊதாக் கதிர்கள் அவற்றின் வழியே செல்லவில்லை என்பதும், ஊதா நிறத்தை ஒட்டிய கதிர்களே கிருமிகளை அழித்திருக்க வேண்டும் என்பதும் 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தன. விளக்கம் திருத்தப்பட்டது, ஆனால் குணமடைந்த முகங்கள் உண்மையே. அறிவியல் இவ்வாறே தன்னைத் திருத்திக்கொண்டு வளர்கிறது.

இன்றைய ஒளி மருத்துவம்

ஃபின்சன் திறந்த வழி மூடப்படவில்லை. பிறந்த சில நாள்களில் மஞ்சள் காமாலை காணும் குழந்தைகளை இன்று நீல ஒளியின் கீழ் வைக்கின்றனர். அப்போது குழந்தையின் கண்கள் மூடிக் காக்கப்படுகின்றன. சில வகைத் தோல் நோய்களுக்கும் அளந்த புற ஊதாக் கதிர்கள் பயன்படுகின்றன.

நாட்பட்ட கண் வறட்சிக்கும் இன்று ஒளி மருத்துவம் உண்டு. கண்ணீர் என்பது வெறும் நீரன்று. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உள்ளது. இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்சுரப்பிகள் அவ்வெண்ணெயைச் சுரக்கின்றன. நாம் இமைக்கும்போதெல்லாம் அது கண்ணின் மேல் பரவி, நீர் ஆவியாகாமல் காக்கிறது. சுரப்பிகள் அடைபட்டால் எண்ணெய் வராது; கண்ணீர் விரைவில் உலரும்; கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் தோன்றும். திரையை நெடுநேரம் உற்று நோக்குவோர் இமைப்பது குறைவதால் அவர்களுக்கும் இத்துன்பம் மிகும்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், முகத்தோல் சிவக்கும் நோய்க்கு ஒளித்துடிப்பு மருத்துவம் பெற்றவர்களின் கண் வறட்சியும் குறைந்ததை மருத்துவர் கவனித்தனர். பூனையைக் கவனித்த ஃபின்சனைப் போலவே, எதிர்பாராத ஒன்றை அவர்கள் புறக்கணிக்கவில்லை. இன்று, கண்களை ஒளி புகாத மூடியால் காத்துக்கொண்டு, கீழிமையை ஒட்டிய கன்னப் பகுதியில் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்புகளைச் செலுத்துகின்றனர். சில வார இடைவெளியில் பலமுறை இது செய்யப்படுகிறது. தோலின் அழற்சி தணிகிறது. தடித்த எண்ணெய் இளகிச் சுரக்கிறது. கருநிறத் தோல் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், அத்தகையோர்க்கு மருத்துவர் மிக்க கவனத்துடன் அளவை வரையறுக்கின்றனர். சிலருக்கு இம்முறையைத் தவிர்க்கின்றனர். தம் கையில் கருங்கோடு வரைந்து ஃபின்சன் கண்ட உண்மை இங்கும் துணைநிற்கிறது.

வெயிலை நேரே உற்று நோக்குவதோ, விளக்கொளியைத் தாமே கண்ணில் பாய்ச்சிக்கொள்வதோ மருத்துவம் ஆகாது; அது பெருந்தீங்கு. எந்தக் கதிர், எவ்வளவு நேரம், எவ்விடத்தில் என்று அளந்தறிந்த பின்னரே ஒளி மருந்தாகிறது. அந்த அளவை அறியவே ஃபின்சன் தம் குறுகிய வாழ்நாளைச் செலவிட்டார். வகுப்பில் பதினொன்றாம் இடம் பெற்ற அம்மாணவரிடம் குறைந்திருந்தது திறமையன்று. அவருடைய கேள்வி அவருக்குக் கிடைக்கக் காலம் பிடித்தது. கிடைத்த பின் அவர் அதைக் கைவிடவே இல்லை.

அருஞ்சொற்பொருள்

முகில் – மேகம்
அகவை – வயது
திங்கள் – மாதம்
குருதி – இரத்தம்
கன்றுதல் – சிவந்து புண்படுதல்
வடு – புண் ஆறிய தழும்பு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கருவி
செறிந்த – அடர்ந்த
அழற்சி – சிவந்து வீங்கும் நிலை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஃபின்சன் பிறந்த இடம் எது? அங்குக் குளிர்காலப் பகல் எவ்வளவு நேரம் நீடிக்கும்?
2. பூனையின் செயல் ஃபின்சனின் உள்ளத்தில் எழுப்பிய வினா யாது?
3. ஒளி மருத்துவ நிலையத்தில் செவிலியர் கருங்கண்ணாடி அணிந்தது ஏன்?
4. கண்ணீரின் மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தின் பயன் என்ன?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. கையில் வரைந்த கருங்கோட்டின் வழியே ஃபின்சன் அறிந்த உண்மையை விளக்குக.
2. ஒளியைத் தோலின் ஆழத்திற்குச் செலுத்துவதில் இருந்த மூன்று தடைகளையும், அவற்றை அவர் நீக்கிய வகைகளையும் எழுதுக.
3. ஃபின்சனின் கருத்துகளுள் பிற்காலத்தில் திருத்தப்பட்டவை யாவை? அதனால் அவருடைய பெருமை குறைகிறதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.

வெள்ளொளி, பகற்பொழுது, கருங்கோடு, நல்லுள்ளம், நாட்பட்ட

ஈ. எதிர்ச்சொல் எழுதுக.

அரிது, தடித்த, நன்மை, குறுகிய

உ. செயல்பாடு

புதிய ஊருக்கோ புதிய பள்ளிக்கோ மாறிச் சென்ற ஒருவரிடம் உரையாடி, அங்கு அவர் முதலில் உணர்ந்த இடர்களையும் பின்னர்க் கற்றுக்கொண்டவற்றையும் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.